முப்பத்திரண்டாவது விடைத்தாள்

பதினோராம் வகுப்பின் முப்பத்தொரு விடைத்தாள்கள் பாட நாவலின் நாயகி மரகதம் காலராவில் இறந்தாள் என்றன. நஸ்ரினுடைய தாள் மட்டும் அவள் பிழைத்து ரயிலேறினாள் என்றது.

பாட நாவல்களைப் பிள்ளைகள் 'கதைச்செவி'யில் கேட்கத் தொடங்கி எட்டு வருடமாகிறது. காதில் மாட்டினால் போதும், முழு நாவலையும் அதுவே வாசித்துவிடும். அதை மேசைமேல் ஓடவிட்டு ஊர் சுற்றும் பிள்ளைகளைத் தமிழாசிரியை ஜெசிந்தா அறிவாள். நஸ்ரினைக் கூப்பிட்டாள்.

"கேட்டியா, ஓடவிட்டுட்டுத் தூங்கிட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன் மிஸ்."

"அப்போ மத்தவங்க எல்லாரும் பொய் எழுதிருக்காங்களா?"

நஸ்ரின் கருவியைக் கழற்றி, தான் கேட்டதன் பதிவை ஓடவிட்டு நீட்டினாள். ஜெசிந்தா காதில் வைத்துக் கேட்டாள். காய்ச்சல் தணிந்த மரகதம் கையில் தூக்குவாளியோடு ரயிலேறிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா கருவி நிறுவனத்துக்குப் போனில் பேசினாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "காதுமடல்ல நாடித்துடிப்ப அது கவனிச்சுக்கிட்டே இருக்கும் மேடம். பிள்ளையால தாங்க முடியாதுன்னு தெரிஞ்சா கதைய லேசா வளைச்சுக்கும். ஒப்பந்தத்துலயே இருக்கு."

நஸ்ரினின் அம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"மத்தவங்களுக்கும் வளைச்சிருக்கா?"

"அது அவங்கவங்க அந்தரங்கம் மேடம்."

அன்று மாலையே நூலக பீரோவின் அடித்தட்டிலிருந்து அச்சுப் பிரதியைத் தேடி எடுத்தாள். மரகதம் அதில் இறந்துதான் போகிறாள். ஆனால் அவளை விட்டு ஓடிப்போன கணவன் மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதம் எந்தப் பக்கத்திலும் இல்லை. எட்டு வருடமாக ஜெசிந்தா கேட்டுக் கேட்டு அழுத கடிதம் அது. வகுப்பில் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிள்ளைகள் விழிப்பார்கள். ஒழுங்காகக் கேட்கவில்லை என்று திட்டியிருக்கிறாள். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் சொல்லாமல் அவளை விட்டுப் போனதற்கு அடுத்த வருடம்தான் கதைச்செவி பள்ளிக்கு வந்தது. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லாரையும் கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கடைசி அத்தியாயத்தைத் தானே வாசித்தாள். முடித்ததும் புத்தகத்தை மூடினாள்.

"வெள்ளம் வர்ற இடத்த விட்டுட்டீங்க மிஸ்," என்றான் ஒருவன்.

"வெள்ளம் ஏது? தங்கச்சி வந்து பாக்குறதத்தான் விட்டுட்டாங்க," என்றாள் இன்னொருத்தி.

ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பார்வையெல்லாம் ஜெசிந்தாமேல்தான் இருந்தது. பின்வரிசையில் ஒருவன் தாழ்ந்த குரலில், "மிஸ் அவங்க இஷ்டத்துக்கு மாத்திப் படிக்கிறாங்கடா" என்றான்.

ஜெசிந்தா புத்தகத்தை விரித்துக் காட்டினாள். "வந்து பாருங்க. அச்சுல இருக்கு."

நஸ்ரின் மட்டும் எழுந்து வந்தாள். வரிகளின் மேல் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, மரகதம் இறக்கும் இடம்வரை வாசித்தாள். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்க புக்குதானே மிஸ்? என்னோடதுல அவ ரயிலேறிட்டா," என்றாள்.