பெயின்ட் உதிர்ந்த இடம்

அன்று முதலில் கேட்டது குழாய் தட்டும் சத்தம்தான். சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆறாம் மாடியில் தைசியா அடுப்பில் முட்டைக்கோஸ் வதக்கிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தவுடனே ஜன்னலுக்கு வெளியே கறுத்துவிட்டது. சரேச்னி பகுதியின் கடைசிப் பேருந்து நிறுத்தமும் அதற்குப் பின்னாலிருந்த காடும் பனிக்குள் ஒன்றாகக் கரைந்திருந்தன. ஜன்னலுக்கு அடியில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கொதித்தது. அதிலிருந்து சூடான பெயின்ட் வாசனை வந்தது. டங். டங். டங். அவள் யோசிக்கவில்லை. இரும்புக் கரண்டியை எடுத்துத் தானும் குழாயைத் தட்டினாள். அடுத்த கணம் கீழே ஐந்தாம் மாடி ரிம்மாவின் தட்டல் சேர்ந்துகொண்டது.

அது அந்தக் கட்டடத்தின் பழக்கம். ஒரே வெந்நீர்க் குழாய் ஒன்பது மாடிச் சமையலறைகளையும் துளைத்துக்கொண்டு ஏறியது. நாலாம் மாடியில் கென்னாதி தன் மனைவி இங்காவை அடிக்கத் தொடங்கினால் யாராவது ஒருவர் குழாயைத் தட்டுவார். உடனே மற்றவர்களும் தட்டுவார்கள். படியிறங்கிப் போய் யாரும் கேட்டதில்லை. இரும்பில் ஓடும் சத்தத்துக்குத் திசை கிடையாது. எந்த மாடியிலிருந்து வருகிறதென்று அவனால் சொல்ல முடியாது. அதுதான் அதில் இருந்த பாதுகாப்பு.

கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான் தைசியாவுக்கு நினைவு வந்தது. இங்கா வீட்டில் இல்லை.

முந்தின நாள் லிஃப்டில் கென்னாதியே சொன்னான். கையில் ஒரு பை ஆரஞ்சு, புதிதாக மழித்த முகம்.

"அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இனிமே உங்க குழாய்க்கு லீவு."

அவள் சிரித்து வைத்தாள். அவன் சிரிக்கவில்லை. "யாரு முதல்ல தட்டுறதுன்னு மட்டும் தெரிஞ்சா நல்லாருக்கும்," என்றான். "ஒரு நன்றி சொல்லணும்."

அப்படியென்றால் இப்போது தட்டியது யார்? புத்தாண்டு விடுமுறைக்குக் கட்டடமே காலியாகிவிட்டது. மேலே எல்லா ஜன்னல்களும் இருட்டு. கீழ் மூன்று மாடிகளிலும் ஆளில்லை. மிச்சமிருப்பது அவளும் ரிம்மாவும்.

கென்னாதியும்.

முதலில் தட்டியது அவன். பதில் தட்ட இன்னும் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ரிம்மாவின் வீட்டில்தான் ஊல்யா இருந்தாள்.

ஊல்யா தைசியாவின் மகள். வயது ஏழு. தைசியா முந்தின நாள் ரிம்மாவுக்குக் கொழுக்கட்டை வைத்துக் கொடுத்த நீலக்கரைத் தட்டை வாங்கிவரப் போயிருந்தாள். டிராமில் கண்டக்டராக இருக்கும் ரிம்மா எந்தத் தட்டையும் காலியாகத் திருப்பித் தரமாட்டாள். அது வீட்டுக்கு ஆகாது என்பாள். ஏதாவது சுட்டு வைத்துத் தரும்வரை ஊல்யா அங்கே கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தைசியா அடுப்பை அணைத்தாள். எண்ணெயின் சடசடப்பு ஓய்ந்ததும் சுவரின் உச்சியிலிருந்த காற்றுத்துளையின் வழியாகக் கீழ்வீட்டின் ஒலிகள் ஒவ்வொன்றாக மேலேறி வந்தன: கார்ட்டூன் பாட்டு, தோசைக்கல்லில் மாவு விழும் சீறல், கெட்டில் முணுமுணுப்பு, அப்புறம் அழைப்புமணி.

"ரிம்மா அர்காத்யெவ்னா, நான்தான். ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கு. எந்த வீட்லன்னு பாக்கணும்."

"வா, கென்னாதி. பூட்ஸக் கழட்டிட்டு வா. இப்பத்தான் தரையத் தொடச்சேன்."

ஒரு பூட்ஸ் விழுந்தது. இன்னொன்று.

தைசியா நாற்காலியில் ஏறிக் காற்றுத்துளையருகே வாயை வைத்தாள். கூப்பிட்டால் அவனுக்கும் கேட்கும். கூப்பிடாமலே இறங்கினாள்.

"இங்க ஏன் பெயின்ட் உதிர்ந்திருக்கு?" அவன் குரலில் கோபமே இல்லை.

"எந்த இடம்?"

"இது. குழாய்ல. உள்ளங்கை அளவுக்கு."

ரிம்மா எப்போதும்போலச் சிரித்தாள். "உம் பொண்டாட்டியக் கேளு. அவளுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்."

நாற்காலி சரிந்தது. பிறகு ஈர மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். மறுபடியும் அதே சத்தம். ரிம்மா கத்தவில்லை. இருமினாள், அவ்வளவுதான். கெட்டில் கொதித்து விசிலடிக்கத் தொடங்கியது. யாரும் அதை அணைக்கவில்லை. கார்ட்டூன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசில் நீண்டுகொண்டே போனது.

பிறகு யாரோ கெட்டிலை அணைத்தார்கள்.

தைசியா போனை எடுத்தாள். போலீஸில் ஒரு பெண் பேசினாள்; குரலில் தூக்கம். ரோந்து வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பாலத்தில் பனி அள்ளுகிறார்கள், வந்துவிடும் என்றாள். குழந்தை கீழே இருக்கிறாள் என்று தைசியா சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

"கதவத் தொறக்காதீங்க," என்றாள் அந்தப் பெண். "யாரு வந்தாலும் தொறக்காதீங்க."

டங்.

குழாய். ஒரே ஒரு முறை. அது ரிம்மாவின் இரும்பு. டிராமிலிருந்து கொண்டுவந்த பழைய கைப்பிடி அது. அதன் கனமான ஒலி தைசியாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தட்டிய கை ரிம்மாவினுடையது இல்லை. ரிம்மா படபடவென்று தட்டுவாள். இது ஒரு முறை தட்டிவிட்டுக் காத்திருந்தது.

டங்.

அவள் தன் குழாயைப் பார்த்தாள். ஜன்னல் ஓரம், இடுப்பு உயரத்தில், வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்து இரும்பு பளபளத்தது. உள்ளங்கை அளவு. எத்தனை குளிர்காலங்கள்.

கார்ட்டூன் பாட்டு நின்றது.

தைசியா போனை வைக்காமலே கத்தியை எடுத்தாள். இறங்கிப் போக வேண்டும். கதவை அடைவதற்குள் படியில் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பு. சின்னக் கால்கள். ஒவ்வொரு படியாக ஏறி வந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேறு காலடி இல்லை. பூட்ஸ் சத்தம் இல்லை. குழந்தை மட்டும்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். உடனே அவன் பூட்ஸைக் கழற்றியது நினைவுக்கு வந்தது.

கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். மஞ்சள் விளக்கின் கீழ் ஊல்யா தனியாக நின்றாள். இரண்டு கைகளாலும் நீலக்கரைத் தட்டை ஏந்தியிருந்தாள். அதன்மேல் சமையலறைத் துண்டு மூடியிருந்தது.

"அம்மா, தொற. கை வலிக்குது."

"கூட யாரு வந்தா?"

ஊல்யா பக்கவாட்டில் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பெரிய ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்கு.

"யாரும் இல்ல."

"ரிம்மா அத்தை எங்கடி?"

"காலித் தட்டு தரக்கூடாதாம், அம்மா." குழந்தையின் உதடு நடுங்கியது. "கனமா இருக்கும்மா. தொறயேன்."

துண்டில் ஒரு கறை விரிந்துகொண்டிருந்தது. தட்டு சாய்ந்தது. துண்டின் ஓரம் நழுவியது. முதலில் இரும்புக் கைப்பிடி தெரிந்தது. பிறகு அதை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள். ரிம்மாவின் அம்பர் மோதிரம். மணிக்கட்டு. அதற்கப்பால் கை இல்லை, தட்டின் நீலக்கரை மட்டும்.

படிக்கட்டு விளக்கு அணைந்தது.

"அம்மா."

தொறக்காதீங்க என்றது போனில் அந்தப் பெண்ணின் குரல், எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து. தைசியாவின் விரல்கள் பூட்டைத் திருப்பின. ஒரு சுற்று. இரண்டு. சங்கிலி.

திறந்த இடுக்கில் முதலில் உள்ளே வந்தது தட்டு. அதைப் பிடித்திருந்தது ஊல்யாவின் கை இல்லை.