எட்டாவது கிளிப்

பட்டப்பகல் பதினொரு மணிக்கு மாமா அந்தக் காரை அவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. மாமாவின் தலை பாதி வெளியே இருந்தது.

“மூச்சை அடக்கிக்கிட்டே ஓட்டினேன் மாப்ளே. சிக்னல்ல மட்டும் விட்டேன்.”

மாமா என்றால் அவனுடைய அக்கா புருஷன். பழைய கார், வாங்கிப் பத்து நாள். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவையும் பிறந்து மூன்று நாளான குழந்தையையும் இதில்தான் அழைத்துப் போக வேண்டும்.

“வாடகைக் கார் பிடிச்சா என்ன?”

“உங்கக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. டேஷ்போர்டுக்குள்ளதான் ஏதோ செத்து நாறுது. கழட்டி எடு. கீறல் விழக் கூடாது, அதையும் சொல்லிக் காட்டுவா.”

கீறல் விழாமல் டேஷ்போர்டின் முகப்புப் பட்டையான ட்ரிம்மைக் கழற்றுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கூட வேலை பார்க்கும் பெயிண்டர் அவனுக்கு ‘நோகாம’ என்று பெயர் வைத்திருந்தான். மற்றவர்கள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி டப்பா மூடியைப் போல நெம்புவார்கள். இவன் முதலில் ஓரங்களில் டேப் ஒட்டுவான். ஹேர் டிரையரைக் காட்டிப் பிளாஸ்டிக்கை இளக்குவான். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை மூலையில் நுழைத்து, முறுக்காமல், தன் பக்கமாக நேராக இழுப்பான். ‘டக்’கென்று விடும். பட்டையைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றதும் அதைக் கன்னத்துக்குள் அதக்கிக்கொள்வான். உள்ளே தவறி விழுந்த கிளிப் வண்டியின் ஆயுள் முழுக்கக் கடகடவென்று ஆடும். வாயை விடப் பத்திரமான இடம் ஏது?

“அதையே முழுங்கிடு. மத்தியானச் சாப்பாடு மிச்சம்,” என்பான் பெயிண்டர்.

நோகாம வண்டிக்குள் உட்கார்ந்தான்.

செத்த எலி நாற்றமில்லை. செத்த எலிகளோடு அவனுக்கு நல்ல பழக்கம். இது வாய் நாற்றம். பல வாரம் பல் துலக்காத ஒருவர், ரகசியம் சொல்ல, மூக்குக்கு நேரே குனிந்தால் அடிக்குமே, அது. அழுகிய ஈறும் காய்ந்த எச்சிலும் கலந்து, நாக்கில் படிவது போன்ற நாற்றம்.

ஏசி துவாரத்திலிருந்து வெதுவெதுவென்று, ஈரமாக, கன்னத்தில் காற்று பட்டது.

நின்றது.

மறுபடி பட்டது.

சாவி மாமாவின் பையில் இருந்தது.

வேலையை முடித்தால் இறங்கிவிடலாம் என்று டேப்பை ஒட்டினான். ஒன்று, இரண்டு என்று கிளிப்புகள் வாய்க்குள் போயின. ஏழாவது கழன்றும் பட்டை வரவில்லை. இடது ஓரத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டிருந்தது. இதமாகச் சூடு காட்டி, நேராக இழுத்தான்.

‘டக்’ வரவில்லை.

‘சளக்.’

பழக்கதோஷம். கை அதையும் வாய்க்குள் போட்டது.

அப்புறம்தான் உறைத்தது. இந்த மாடலுக்கு ஏழே கிளிப்தான்.

வாய்க்குள் எட்டாவது வழவழத்தது. முதலில் உப்புக் கரித்தது. பிறகு, சொல்லக் கூசுகிறது, லேசாக இனித்தது. அடியில் இரண்டு வேர். வேரில் நாரைப் போலச் சதை.

பட்டையின் பின்னால் ஏழு ஓட்டைகளும் பிளாஸ்டிக். எட்டாவது இருந்த இடம் ஈறு. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, நடுவில் பள்ளம். பள்ளத்தில் ரத்தமும் சீழும் மெல்ல ஊறின.

துவாரத்திலிருந்து நீண்ட பெருமூச்சு வந்தது.

“நோகவே இல்ல,” என்றது.

வாயில் இருந்ததையெல்லாம் தரையில் துப்பினான். ஏழு கிளிப். பின்னாலேயே காலைச் சாப்பாடும் வந்தது. குச்சியால் அதைக் கிளறித் தேடினான். ஏழே ஏழுதான். திரும்பிப் பார்த்தபோது ஈறு இருந்த இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்தான் இருந்தது.

மாமா தலையை நுழைத்து மோந்தார். “அட! சுத்தமா போயிடுச்சு மாப்ளே! என்னடா இருந்துச்சு?”

“எலி,” என்றான். வேறு எதைச் சொன்னாலும் பெயிண்டர் ஊர் முழுக்கப் பரப்புவான்.

ஐந்து தடவை வாய் கொப்பளித்தான். சோப்புப் போட்டும் கொப்பளித்தான்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அக்கா குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள். மோந்து பார்த்தாள். “பரவாயில்லையே, புது வண்டி மாதிரி இருக்கு.” மாமாவுக்கு முகமெல்லாம் பல். குழந்தை வீரிட்டு அழுதது.

துணைக்கு வந்திருந்த நோகாம முன்சீட்டிலிருந்து திரும்பிக் கையை நீட்டினான். “கொடுக்கா, நான் வச்சுக்கறேன்.”

அக்கா வெடுக்கென்று குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“சீ! வாயை மூடுடா. என்னத்தைடா தின்னே? குடலைப் புரட்டுது!”

மூடினான். நாக்கு தானாகப் பின்னால் போனது. போன வருடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில், வெதுவெதுப்பாக, ஒரு பல் நின்றிருந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

வாய்க்குள்ளேயிருந்து யாரோ, ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாக, குழந்தையைக் கொஞ்ச ஆரம்பித்தார்கள்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் பக்கம் முகத்தைத் திருப்பியது.