மரத்துப்போன இடம்

போர்வையில் ஒரு குழி விழுந்தது. தணிகாசலத்தின் வலது கவட்டுக்கு மேலே, காலையில் குடலிறக்கத்துக்குத் தையல் போட்ட இடத்தில், யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தியதுபோல. கண்ணுக்குத் தெரிந்தது; உடம்புக்குத் தெரியவில்லை.

மணியை அழுத்தினார். நர்ஸ் அலீனா வந்து போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். வலி தெரியக்கூடாதுன்னு காயத்தச் சுத்தி மரத்துப்போற மருந்து போட்டிருக்காங்க. கிள்ளினாகூட தெரியாது. தூங்குங்க."

அவள் போனதும் குழி மறுபடி விழுந்தது.

ராணிப்பேட்டை மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே கொதித்துக்கொண்டிருக்க, டெட்டால் வாசனையை மெல்லத் தள்ளிக்கொண்டு வேறொரு வாடை அறைக்குள் வந்தது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை. தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இத்தனை வருஷம் இருந்து பழகிப்போய், தணிகாசலம் அதை உணர்வதையே விட்டிருந்தார். இப்போது மூக்கை மூடிக்கொண்டார். கூடவே இன்பராஜின் நினைப்பும் வந்தது.

இன்பராஜ் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோல் தூக்குகிறவன். அவனுக்கும் குடலிறக்கம்தான். ஒரு நாள் குடல் சிக்கிச் சுருண்டு விழுந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றான். கப்பலுக்குச் சரக்கு போகிற நேரம். மனசாட்சி உள்ளவன் ஆட்டோ பிடித்திருப்பான். தணிகாசலம் பிடித்து வந்தது மருந்துக்கடை ஆளை. வலிக்கு ஓர் ஊசி. "இப்ப வலி கம்மிதான? தொட்டில எறங்கு" என்றார். வலி அடங்கியது. குடல் உள்ளே அழுகியது. அவன் செத்த பிறகு முதலாளியிடம், "என்கிட்ட ஒண்ணுமே சொல்லல சார்" என்று கூசாமல் புளுகினார்.

சரக். சரக்.

தோலில் ஒட்டிய சவ்வைக் கத்தியால் சீவுகிற சத்தம். போர்வைக்குள்ளிருந்து வந்தது. அவசரமில்லாத, வேலை தெரிந்த கை.

மணி இப்போது கைக்கு எட்டவில்லை. கத்த வாயைத் திறந்தார். ஈரக்கை ஒன்று பொத்தியது. நாக்கில் சுண்ணாம்பு சுட்டது.

"பயப்படாதீங்க சார்." காதருகே இன்பராஜின் குரல். "மருந்து இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி."

வலித்தால் தேவலை என்றிருந்தது தணிகாசலத்துக்கு. எங்கே, எவ்வளவு ஆழம் என்றாவது தெரியும்.

போர்வை நழுவியது. கட்டு இல்லை. கால்மாட்டுக் கம்பியில் ஒரு தோல் தொங்கியது. வெள்ளையாக. சுத்தமாகச் சீவி, ஒரு கிழிசல் இல்லாமல். நடுவில், பிரியாத நீலத் தையல்.

சரக்.

கத்தி மேலே ஏறியது. வயிறு. தொப்புள். விலா.

மருந்து அங்கே போடவில்லை. விலா எலும்பின் மேல் கத்தியின் சில்லிப்பு பட்டது, ஓரம் பார்த்து நின்றது, பிறகு ஈர விரல்கள் தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டன.