கனோனின் முழங்கால் விழிக்கும் நேரம்

இரோஹாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் அம்மா சொல்வாள், அப்பா சொல்வார், கீழ்வீட்டுப் பல் டாக்டர்கூடச் சொல்வார். இரோஹா அதையெல்லாம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். ஒசாகாவில் வாய் இல்லாத பிள்ளையை யார் மதிக்கிறார்கள்?

ஆனால் அந்த பிப்ரவரி மாதத்தில் அவள் வாய் செய்த வேலை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சுடும்.

விஷயம் பெரிய கயிற்றில் தொடங்கியது. மாதக் கடைசியில் வகுப்புகளுக்கு இடையே கயிறு தாண்டும் போட்டி. இரண்டு பேர் நீளமான கயிற்றைச் சுற்றுவார்கள். மற்றவர்கள் வரிசையாக ஓடி வந்து ஆளுக்கு ஒரு முறை குதித்து வெளியேற வேண்டும். யாராவது ஒருவர் தடுமாறினாலும் கயிறு நின்றுவிடும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு தினமும் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே மைதானத்தில் பயிற்சி செய்தது. பல் கிடுகிடுக்கும் குளிர்.

கயிறு தினமும் நின்றது. தினமும் ஒரே ஆளிடம்.

"மறுபடியும் கனோனா?" என்று தெப்பேய் தலையில் கை வைத்துக்கொள்வான். "அம்மா தாயே, அது கயிறு! பாம்பு இல்ல!"

கனோன் ஜனவரியில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தாள். எப்போதும் முகக்கவசம் போட்டிருப்பாள், அதிகம் பேச மாட்டாள். காலையில் அவள் நடப்பதே காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். கயிற்றுக்கு முன்னால் வந்ததும் உள்ளே நுழையாமல் நின்றுவிடுவாள்.

சரி, கால் வலி போல என்றுதான் இரோஹாவும் நினைத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பள்ளியைச் சுத்தம் செய்யும் நேரம். ஈரத்துணியைத் தரையில் வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளிக்கொண்டே தாழ்வாரம் முழுக்க ஓடித் துடைக்க வேண்டும். துடைப்பது ஆசிரியர்களுக்காக, பந்தயம் பிள்ளைகளுக்காக. அன்றைக்குப் பந்தயத்தில் முதலில் வந்தது கனோன்! தெப்பேய் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தான்.

'காலையில் நொண்டி, மத்தியானம் குதிரையா?' என்று இரோஹாவுக்குச் சுருக்கென்றது. தாங்கள் எல்லாரும் குளிரில் நின்று விறைக்க, இவள் மட்டும் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். கட்டியவள் சும்மா இருந்தாளா?

பள்ளி விடுவதற்கு முன் தினமும் வகுப்புக் கூட்டம் நடக்கும். அன்று நடந்த நல்லது கெட்டதைப் பிள்ளைகளே எழுந்து சொல்லலாம். இரோஹா எழுந்தாள்.

"நம்ம வகுப்புல ஒருத்தருக்குக் காலையில கால் வராது. ஆனா மத்தியானம் சிறகே முளைக்குது. வலிக்கிறது காலா, இல்ல காலையில எழுந்திருக்கிறதா? எனக்கு அதுதான் புரியல."

வகுப்பு குபீரென்று சிரித்தது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஒகுமுரா டீச்சர் சிரிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் பேசுவதற்குள் கனோன் எழுந்துவிட்டாள். இடுப்பு வரை குனிந்து, "எல்லாருக்கும் தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சிடுங்க. நான் போட்டியிலேருந்து விலகிக்கிறேன்" என்றாள்.

"இந்தப் பேச்சு இத்தோட போதும். விலகுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார் டீச்சர். அவர் முகம் இறுகியிருந்தது.

அந்த ஊரில் யார் காலை யார் மிதித்தாலும் இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்பார்கள். இது இரோஹாவுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டதையே அவள் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். தப்பு செய்ததால்தானே கேட்டாள்! வகுப்பும் அப்படியே எடுத்துக்கொண்டது. வீட்டுக்குக் கிளம்பும்போதே தெப்பேய் 'மத்தியான மகாராணி' என்று பெயர் வைத்துவிட்டான். அந்தப் பெயர் பள்ளி வாசல் தாண்டுவதற்குள் பக்கத்து வகுப்புக்கும் போய்விட்டது.

மறுநாள் கனோன் வரவில்லை.

"அவ வீட்டுக்குப் பக்கத்துல யார் இருக்கா? இன்னிக்குக் குடுத்த பாடத்தாள்களைக் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார் டீச்சர். இது வழக்கம்தான். இரோஹாவின் குடியிருப்பில், எதிர்க் கட்டடத்தில்தான் கனோன் இருந்தாள். இரோஹா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். பயனில்லை.

கட்டட வாசலில் கனோன் வீட்டுத் தபால் பெட்டியில் தாள்களைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் போனாள். பெட்டியின் மூடியைத் தூக்கும்போது பின்னால் டாக்ஸி வந்து நின்றது. கனோனும் அவள் அம்மாவும் இறங்கினார்கள். கனோனின் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"நீதானே இரோஹா?" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "முதல் நாள் செருப்பு அலமாரி எங்கன்னு இவளுக்குக் காட்டினது நீதானாமே! உன் பேரைத்தான் சொல்லிட்டே இருப்பா. வாம்மா, மேல வா. உன்னை மாதிரி ஒருத்தி வகுப்புல இருக்கறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா?"

பைக்குள் கைவிட்டு ஒரு பிடி மிட்டாயை எடுத்து இரோஹாவின் கையில் திணித்தாள். இரோஹாவுக்கு அந்த மிட்டாயோடு தரைக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது.

மேலே போனதும் அம்மா தேநீர் போட உள்ளே போனாள். அடியில் ஹீட்டர் வைத்து, மேலே போர்வை போட்ட குட்டை மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கனோன் ஆரஞ்சை உரித்தாள். இரோஹா மேஜையின் மரக்கோடுகளைப் பார்த்தாள்.

"நேத்து நடந்ததை அம்மாகிட்ட சொல்லல. நீயும் சொல்லிடாத" என்றாள் கனோன் மெதுவாக. "சொன்னா அழுவாங்க."

"உனக்கு... என்ன ஆச்சு?"

"மூட்டுல அழற்சி. ரெண்டு வருஷமா இருக்கு. மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துவாங்க."

"வயசானவங்களுக்குத்தானே மூட்டு வலி வரும்?"

"என் மூட்டுகிட்ட போய் அதைச் சொல்லு" என்றாள் கனோன். இவளுக்கு இப்படிப் பேச வரும் என்றே இரோஹாவுக்குத் தெரியாது. "நீ கீழ விழுந்து முட்டியில சிராய்ச்சா என்ன ஆகும்?"

"வீங்கும். செவக்கும். சுடும்."

"ஏன்னா, கிருமி உள்ள வந்ததும் ஒரு செல்லு மத்த செல்லுக்கெல்லாம் சேதி அனுப்புது. சேதின்னா ரொம்பச் சின்னத் துகள். ஒவ்வொரு செல்லு மேலயும் அதைப் பிடிக்கிறதுக்குக் காது மாதிரி ஒண்ணு இருக்கு. 'ஏற்பி'ன்னு பேரு. துகள் அதுல வந்து கச்சிதமா உக்காந்தா, 'எதிரி வந்தாச்சு, ஓடி வா!'ன்னு செல்லுக்குக் கேக்கும். உடனே அந்த இடத்துல சண்டை. அந்தச் சண்டையாலதான் வீங்குது."

"அது நல்லதுதானே?"

"எதிரி வந்திருந்தா நல்லது. என் முட்டியில யாருமே வரல. சும்மாவே கூப்பாடு போடுது. ஒண்ணு கத்தினா அதைக் கேட்டு இன்னொண்ணு கத்தும். விடியற நேரத்துலதான் ஜாஸ்தியாக் கத்தும். அதான் காலையில முட்டி பூட்டிக்குது. பத்து, பதினொண்ணு ஆனா தானா விட்டுடும்."

மத்தியானம் குதிரை ஆனதற்குக் காரணம் இதுதான்.

"மருந்து என்ன பண்ணும்?"

"ரயில்ல அம்மா பையை வெச்சு இடம் பிடிப்பாங்கல்ல? அது மாதிரி ஏற்பியில போய் உக்காந்துக்கும். துகள் வந்து பாக்கும், இடம் இருக்காது. கூப்பாடு கேக்காது."

"அப்ப எல்லா ஏற்பியையும் அடைச்சிட்டா சரியாப் போயிடுமே!"

"அப்புறம் நெஜமாவே கிருமி வந்தா யாருக்குக் கேக்கும்? அதனாலதான் அளவாக் குடுப்பாங்க. அப்படியும் எனக்குச் சளி பிடிச்சா சீக்கிரம் போகாது. அதுக்குத்தான் இது" என்று முகக்கவசத்தைத் தட்டிக் காட்டினாள்.

எதிரியே இல்லாத இடத்தில் கூப்பாடு போட்டது தானும்தான் என்று இரோஹாவுக்கு உறைத்தது. ஒருத்தி கத்தினாள், அதைக் கேட்டு வகுப்பே கத்தியது. வெட்கத்தில் அவள் கழுத்து வரை சிவந்துபோனாள்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே! ஏன் மன்னிப்புக் கேட்ட?"

"கயிறு நின்னது என்னாலதானே? எல்லாரும் குளிர்ல நின்னீங்க." கனோன் ஆரஞ்சுச் சுளையைப் பிரித்தாள். "போன பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும். என் பையைத் தூக்குவாங்க, நாற்காலியை இழுத்துப் போடுவாங்க. கடைசியில பந்தையே குடுக்க மாட்டாங்க. ஒடைஞ்சிடுவேனாம். அதான் இங்க யாருக்கும் சொல்ல வேணாம்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டேன். எனக்குக் குதிக்கணும், அவ்வளவுதான்."

"மன்னிச்சிடு, கனோன்" என்றாள் இரோஹா. அதையும் மேஜையைப் பார்த்தேதான் சொன்னாள்.

"ம்" என்றாள் கனோன்.

அந்த 'ம்'மில் மன்னிப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. லிஃப்டில் இறங்கும்போது இரோஹா யோசித்தாள். முப்பது பேர் முன்னால் எழுந்து நின்று அவமானப்படுத்திவிட்டு, நாலு சுவருக்குள் முணுமுணுத்துவிட்டு வந்தால் அது என்ன மன்னிப்பு? கையிலிருந்த மிட்டாயில் ஒன்றைக்கூட அவளால் வாயில் போட முடியவில்லை.

மறுநாள் காலை கனோன் வந்தாள். வரிசையில் சேராமல் ஓரமாக நின்று எண்ணிக்கை சொன்னாள். கயிறு நிற்கவே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். இரோஹாவுக்கு மட்டும் கை எழவில்லை.

சாயங்காலம் வகுப்புக் கூட்டத்தில் அவள் கை தூக்கினாள்.

"முந்தாநாள் நான் கனோனைப் பத்தி சொன்னது தப்பு. அவ நடிக்கல. நான்தான் பாதியைப் பாத்துட்டு மீதியை இட்டுக்கட்டினேன்."



"அப்ப ஏன் காலையில நொண்டுறா?" என்றான் தெப்பேய்.

"அது எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். அது அவளோட விஷயம்."

"ஆகா! உன் வாய் ஒரு விஷயத்தை வெச்சிக்குமா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கனோன் சிரிக்கவில்லை. இரோஹாவுக்கு அழுகை முட்டியது. உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தாள். உட்காரவில்லை.

"இன்னொண்ணு. கயித்துப் பயிற்சியை மத்தியான இடைவேளைக்கு மாத்தணும்."

"பந்து விளையாடுற நேரத்துலயா!" "முடியாது!" "எதுக்கு?"

"எதுக்குன்னு... சொல்ல முடியாது."

"காரணமே சொல்லாம எங்க பந்தைப் பிடுங்குவியா?" தெப்பேய் மேசையில் தட்டினான். "நீதானே முதல்ல அவளைச் சொன்ன?"

"ஆமா. நான்தான் சொன்னேன்." கண்ணீர் வழிந்தது, இரோஹா துடைக்கவில்லை. "அதனாலதான் நானே கேக்கறேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அவ குதிக்கட்டும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கனோன் எழுந்திருந்தாள்.

"நானே சொல்றேன்" என்றாள். "எனக்கு மூட்டுல ஒரு நோய் இருக்கு. ஒட்டிக்காது, பயப்படாதீங்க. என் உடம்புக்குள்ள தெப்பேய் மாதிரி ஒருத்தன் இருக்கான். ஒண்ணுமே நடக்காட்டியும் 'எதிரி! எதிரி!'ன்னு கத்துவான். மத்தவங்களும் நம்பிக் கம்பைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. அதுல என் முட்டி வீங்கிடும். காலையில அவன் தொண்டை ரொம்பப் பெருசு. மத்தியானம் கொஞ்சம் அடங்குவான்."

"நான் எப்படி அங்க போனேன்?" என்றான் தெப்பேய் பரிதாபமாக. வகுப்பே சிரித்தது.

"உன் சத்தம் கேக்காம இருக்கத்தான் மாசா மாசம் மருந்து ஏத்திக்கறேன்" என்றாள் கனோன். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "யாரும் என் பையைத் தூக்க வேணாம். நாற்காலியும் போட வேணாம். கயித்தை மத்தியானம் சுத்துங்க, போதும்."

டீச்சர் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. தெப்பேய் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"புதன்கிழமை மட்டும் பந்து. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் கனோன்.

"அப்ப சரி" என்று இரண்டு கையையும் தூக்கினான். பிறகு காதைச் சொறிந்துகொண்டு, "மகாராணின்னு சொன்னதுக்கு... அது வந்து... ம்ம்" என்றான். மன்னிப்பு அவனுக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் இரோஹாவும் கனோனும் ஒரே சாலையில்தான் நடக்க வேண்டியிருந்தது. இரோஹா இரண்டடி பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தாள். சிக்னலில் கனோன் நின்று திரும்பினாள்.

"எனக்கு உன்மேல கோவம் இன்னும் போகல."

"தெரியும்" என்றாள் இரோஹா.

"எப்பப் போகும்னும் தெரியல."

"சரி."

பச்சை விளக்கு எரிந்தது. கனோன் நகரவில்லை.

"நாளைக்கு வரிசையில எனக்கு முன்னாடி நீ நில்லு. நீ உள்ள நுழையற நேரம் எப்பவும் சரியா இருக்கு. உன்னைப் பாத்து நான் நுழைஞ்சிடுவேன்."

இரோஹா தலையை ஆட்டினாள். கோபம் தீராத ஒருத்தி தன்னை நம்பித் தன் பின்னாலேயே குதிக்க வருகிறாள். நாளைக்கு ஒரே ஒரு அடிகூடத் தப்பக் கூடாது என்று அப்போதே காலில் கணக்குப் போட்டபடி சாலையைக் கடந்தாள்.