வலது கையில் புதுக் கீறல்கள்

சோபனா வந்தபோது தயாளினி கந்தோர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். துறைமுகப் பகுதியில் பன்னிரண்டு வருடமாகத் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருப்பவர் அவர். அவரைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சாவுச் செய்தியோடுதான் வருவார்கள். அதனால், அவரை எல்லா விசாரணைக்கும் ஏற்றிச் செல்லும் ஜவ்பர், ஓட்டோவுக்குள் இருந்தபடியே யார் மவுத்து என்று கேட்டுவிட்டார். அறுபது வயதாகியும் எந்த விஷயத்துக்கும் தயாளினிக்கு முன்னால் முடிவு கட்டிவிடும் ஆவல் அவருக்கு.

"ஒருவரும் சாகேல்லை," என்றாள் சோபனா. "என்ர மனுசன் உயிரோடதான் இருக்கிறார். அவர் சொல்லுறதை நம்புறதா விடுறதா எண்டுதான் தெரியேல்லை, அக்கா."

கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்த பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். அவள் கணவன் சிவரூபனும் கிண்ணியாவைச் சேர்ந்த அஸாமும் உள்துறைமுகப் பக்கம் பதினெட்டு வருடமாகப் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை நடத்துகிறார்கள். நேற்றுக் காலை அஸாம்தான் சிவரூபனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வலது கையும் காலும் இழுபட்டிருந்தன. பாரிசவாதம் என்று டொக்டர் சொன்னார். ஆனால் வலது முன்கை முழுதும் ஆழமான நகக் கீறல்கள். இரத்தம் அஸாமின் சேர்ட்டிலும் இருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. சோபனாவின் தம்பி வினோதன் கட்டிலருகே குனிந்து, யார் அடித்தது அத்தான் என்று கேட்டான். சிவரூபன் தெளிவாகச் சொன்னார்: அஸாம். மூன்று தரம் கேட்டபோதும் அதே பெயர்தான்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் பெரிய சத்தம். "நீ இனி எஞ்சினில கை வைக்கப்படாது" என்று அஸாம் கத்தியதை வினோதன் தன் காதால் கேட்டிருக்கிறான். முறைப்பாடு கொடுத்துவிட்டான். நேற்றுப் பின்னேரம் முதல் அஸாம் பொலிஸில் இருக்கிறார். இன்று பின்னேரம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள்.

"அஸாம் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை. என்ர மனுசன் பொய் சொல்லுற ஆளும் இல்லை. இரண்டும் எப்பிடிச் சரியாகும்?"

நேற்றுக் காலை வீட்டிலிருந்து சிவரூபன் எப்படிப் போனார் என்று தயாளினி கேட்டார். வழமைபோல ஏழரைக்கு நடந்துதான் போனார் என்றாள் சோபனா. ஒன்றும் கதைக்கவில்லை. இரவில் சொறிந்து சொறிந்து நித்திரை இல்லாத நாட்களில் அவர் கதைப்பது குறைவு. சின்ன வயது முதல் அவருக்குக் கரப்பான் என்ற தோல் வியாதி. கைகளில்தான் கடுமை. அன்று சேர்ட்டை நீட்டினார், அவள் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள், போய்விட்டார்.

"எந்தக் கை மோசமாயிருந்தது?"

"இடது. இந்தக் கிழமை முழுக்கத் துணி சுத்தியிருந்தவர். வலது நல்லாத்தான் இருந்தது."

தயாளினி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

பட்டறையைத் திறந்துவிட்டவர் இந்த முறைப்பாட்டை விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் சரீப்; பல மரண விசாரணைகளில் தயாளினியோடு வேலை செய்தவர். அடிபிடி நடந்த இடம் போல அது இல்லை. தட்டத்தில் கழற்றி வைத்த எஞ்சின் பாகங்கள் வரிசை கலையாமல் இருந்தன. விளிம்புவரை மண்ணெண்ணெய் நிரம்பிய பேசின் தொட்டியைச் சுற்றி ஒரு துளியும் சிந்தியிருக்கவில்லை. இரத்தப் பொட்டுகள் வாசலோர ஸ்டூலின் கீழே மட்டும். நேற்று விடியப்புறம் மழை பெய்ததால் சீமெந்துத் தரையில் சேற்றுத் தடங்கள் காய்ந்து கிடந்தன. வெளியிலிருந்து ஸ்டூல்வரை இடது செருப்பின் தடம் அடிக்கு அடி விழுந்திருந்தது. வலது பக்கம் தடமே இல்லை, நீளமான கோடுதான்.

"ஆள இழுத்துட்டு வந்திருக்காங்க, மிஸ்," என்றார் ஜவ்பர். "வெளியில அடிச்சு, உள்ள இழுத்துப் போட்டிருக்காங்க."

இழுத்து வந்திருந்தால் இரண்டு காலும் அல்லவா கோடு போட்டிருக்கும் என்று தயாளினி கேட்டார். ஜவ்பர் தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் ஒற்றைக் காலில் அடித்திருப்பார்கள் என்று அவர் அடுத்த முடிவுக்குப் போனார். சரீப் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிவரூபன் வீட்டிலிருந்து பட்டறைக்கு வரும் பாதையில் மூவரும் மெதுவாகத் திரும்பி நடந்தார்கள். பாதித் தூரத்தில், இடியப்பம் விற்கும் ஜெஸீமாவின் மதில்மேல் ஆணின் வலது செருப்பு ஒன்று இருந்தது. அதன் முன்பக்கம் மேலேயும் சேறு அப்பியிருந்தது. நேற்றுக் காலை எட்டு மணிக்கு முன்பே அது தன் வாசலில் கிடந்ததாகவும், எடுத்து மதிலில் வைத்ததாகவும், கழன்றதுகூடத் தெரியாமல் யாரும் போவார்களா என்று தான் யோசித்ததாகவும் ஜெஸீமா சொன்னாள்.

அஸாம் எப்போது வந்தார் என்று தயாளினி சரீப்பிடம் கேட்டார். கிண்ணியா பஸ் எட்டரைக்குத்தான் வந்தது, நடத்துனரை விசாரித்தாயிற்று என்றார் அவர். ஆனால் அடிப்பதற்கு அதற்குப் பிறகும் நேரம் இருந்ததே என்றும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளரை விட்டார்கள். சோபனாவும் வினோதனும் கட்டிலருகே நின்றார்கள். தயாளினி முதலில் சிவரூபனின் கைகளைப் பார்த்தார். இடது கையில் தடித்துக் கறுத்த பழைய தோல், வெடிப்புகள். வலது முன்கையில்தான் புதுக் கீறல்கள். இடது கை நகங்களுக்குள் காய்ந்த இரத்தம் இருந்தது. பிறகு தலைமாட்டிலிருந்த கிளினிக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

கடைசியாகத் தண்ணீர்க் கோப்பையைச் சிவரூபனின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன?"

"அஸாம்," என்றார் சிவரூபன்.

ஜன்னலைக் காட்டினார். அஸாம். சோபனாவைக் காட்டி, இது ஆர் என்று கேட்டார். சிவரூபன் மனைவியைப் பார்த்தார். உதடு துடித்தது. வேறு ஏதோ சொல்ல முயன்றது எல்லாருக்கும் தெரிந்தது. வந்தது அதே சொல்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வினோதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

டொக்டரிடம் கதைத்துவிட்டு வந்து, வெளி விறாந்தையில் நீள வாங்கில் அமர்ந்து தயாளினி விளக்கினார். சரீப் குறிப்பெடுத்தார்.

"அவருக்கு இப்ப அந்த ஒரு சொல்லுத்தான் இருக்கு. மூளையில பேச்சுக்குரிய இடம் அடிபட்டால் சிலருக்கு அப்பிடி வரும் எண்டு டொக்டர் சொன்னார். ஏலாமல் போகேக்க கூட்டாளியைக் கூப்பிட்டிருப்பார் போல. நீங்கள் என்ன கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார், வினோதன்."

"அப்ப கீறல்?" என்றான் வினோதன். "செருப்பு?"

செருப்பு பாதி வழியிலேயே கழன்றது, அப்போது அஸாம் பஸ்ஸிலிருந்துகூட இறங்கியிருக்கவில்லை என்றார் தயாளினி. அதன் மேற்புறச் சேறும் பட்டறைத் தரையின் கோடும் ஒன்றைத்தான் சொல்கின்றன. வலது கால் தூக்க முடியாமல் இழுபட்டிருக்கிறது. அதில் உணர்வும் இல்லை. பட்டறைக்கு வந்து ஸ்டூலில் இருந்தபோது வலது கை மரத்துப்போயிருக்கிறது. நாற்பது வருடம் கையைச் சொறிந்து பழகிய மனிதர், அந்தக் கைக்கு உணர்வு வரவேண்டுமென்று புண்ணான இடது கையாலேயே கீறியிருக்கிறார். வலி தெரியாததால் நிறுத்தவில்லை. தூக்கி வந்ததில்தான் அஸாமின் சேர்ட்டில் இரத்தம் பட்டது.

வெள்ளிக்கிழமைச் சண்டை என்னவென்று சரீப் அஸாமிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். மண்ணெண்ணெயில் கை நனைத்தால் கரப்பான் கூடும், எஞ்சின் கழுவும் வேலையைத் தன்னிடம் விடு என்றுதான் அஸாம் சொன்னாராம். பொய்யென்று நினைத்து அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

தயாளினிக்கு இன்னும் ஒன்று சொல்ல இருந்தது. சோபனாவைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தார். ஆனால் சோபனா அதற்குள் தானே அந்த முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இடது கைதான் புண்," என்றாள் மெதுவாக. "வலது கை சுகமெண்டால் அவர் தானே பூட்டுவார். இரண்டும் ஏலாத நாளிலதான் என்னட்டைத் தருவார்."

"ஓம்."

"அப்ப நான் பூட்டிவிடேக்கயே..."

"ஓம், சோபனா. அப்பவே தொடங்கியிருக்கும்."

பிறகு சோபனா, கரப்பானாலா இது வந்தது என்று கேட்டாள். அதைத் தயாளினி டொக்டரிடம் கேட்டிருந்தார். நாள்பட்ட கரப்பான் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் சற்றுக் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில அப்படிச் சொல்லவில்லை, இவருக்கு அதனால்தான் என்று சொல்ல ஏலாது என்பதுதான் பதில். கண்டது ஒன்றுதான்: பிறசர், அதாவது இரத்த அழுத்தம், மிக அதிகம். கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் பிறசர் எழுதும் இடத்தில் "மறுத்தார்" என்றிருந்தது. புண்பட்ட கையில் பட்டியை இறுக்கினால் உயிர் போகிற நோவு. சட்டைக் கையை உயர்த்திக் காட்ட வெட்கம் வேறு.

"அப்ப எது? கரப்பானா, பிறசரா, நானா?"

"எது எண்டு எனக்குத் தெரியேல்லை," என்றார் தயாளினி. "நேற்றுக் காலமை அந்தச் சேர்ட்டை ஆரிட்ட நீட்டியிருந்தாலும், கரப்பான் எண்டுதான் நினைச்சுப் பூட்டியிருப்பினம். நானும்தான்."

சோபனா தலையாட்டினாள். நம்பித்தான் ஆட்டினாளா என்று தெரியவில்லை.

சரீப் டொக்டரிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார். வினோதன் அவரோடு போய் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றான். நான்கு மணிக்கு அஸாமை விட்டுவிட்டார்கள்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேற்றுப் போட்ட சேர்ட்டோடு நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். பின்னேரம் ஒரு கட்டிலுக்கு இரண்டு பார்வையாளர் பாஸ்தான். ஒன்று சோபனாவிடம், மற்றது வினோதனிடம். காவலாளி அஸாமை மறித்தான்.

வினோதன் வாசலுக்கு வந்தான். சொல்வதற்குச் சொல் தேடினான். அஸாமும் காத்திருந்தார். கடைசியில் வினோதன் பாஸை எடுத்து அவர் கையில் வைத்து, "நீங்கள் போங்கோ அண்ணை. நான் இதில நிக்கிறன்," என்றான்.

அஸாம் பாஸைக் காவலாளியிடம் காட்டிவிட்டு உள்ளே போனார்.