மூன்றாம் மாடியின் பச்சை வாளி

மழை அப்போதுதான் வலுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உரக்கொட்டகைக்குள் ஓடிவந்தவள், வாளியும் கையுமாக எதிரே வந்தவன்மீது நேராக மோதினாள். பச்சை வாளி கவிழ்ந்தது. காய்கறித் தோலோடு அரை வாளித் தண்ணீர் அவள் பாதத்தில்...

நிமிர்ந்தாள். மழை சொட்டும் இமைகளுக்குக் கீழே, மிரண்டுபோன இரண்டு கண்கள். ஒரு கணம் எல்லாமே மறந்துபோனது. அடுத்த கணம் தண்ணீர் உறைத்தது.

"இது என்ன தண்ணி?"

"தோலையெல்லாம் கழுவித்தாங்க கொண்டு வருவேன்... தினமும்."

"கழுவியா! குப்பையைக் குளிப்பாட்டுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்!"

ஒரு வருடமாக வீடுவீடாக ஏறி இறங்கி, மக்கும் குப்பையைத் தனியாகப் பிரிக்க எல்லோரையும் பழக்கியவள் அவள். இரண்டு வாரமாக உரக்குவியல் நாறியது. ஈரம் மிஞ்சினால் காற்று புகாது, அழுகத்தான் செய்யும். கூரை ஒழுகுகிறதென்று நினைத்து ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாள். குடியிருப்புச் சங்கச் செயலாளரோ அவளுடைய சொந்த அண்ணன். "ஞாயிறு வரைக்கும் பாப்பேன். நாத்தம் போகலைன்னா கொட்டகையை இழுத்துப் பூட்டிருவேன். தங்கச்சின்னெல்லாம் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

"உங்களாலதான் என் உழைப்பு மொத்தமும் நாறுது!"

படியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வாரம் முன்புதான் மூன்றாம் மாடிக்குக் குடிவந்திருந்த அந்தத் தச்சன், வாளியை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து மாடியேறினான். இவ்வளவு கத்தியிருக்க வேண்டாமோ... ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவள் பின்னால் போகவில்லை.

மறுநாள் காலை, கொட்டகை வாசலில் மரத்தூள் மூட்டைகள். பட்டறையிலிருந்து தோளில் சுமந்து வந்திருந்தான்.

"நல்லாக் காய்ஞ்சது. ஈரத்தை இழுத்துக்கும்ல?"

"இழுத்துக்கும்... மண்வெட்டி பிடிக்க வருமா, மூணாம் மாடி?"

"சொல்லிக் குடுத்தா வரும், டீச்சரம்மா."

தினமும் காலையில் இருவரும் மரத்தூளைக் கலந்து குவியலைப் புரட்டினார்கள். பேச்சு குறைவு. கண்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை...

ஞாயிற்றுக்கிழமை, மூக்கில் கைக்குட்டையோடு நுழைந்தான் அண்ணன். மெல்ல அதை இறக்கினான். மண்வாசனைதான் வந்தது.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆமா, யாரோ தோலைக் கழுவித் தண்ணியோட கொட்டுனதாச் சொன்னாங்களே, யாரு அது?"

அவள் வாய் திறக்குமுன் தச்சன் முன்னால் வந்தான். "நான்தாங்க."

"தோலை யாராச்சும் கழுவிப் போடுவாங்களா தம்பி?"

"அவங்க வெறுங்கையால அள்ளிப் பிரிக்கிறதை ஜன்னல்லேருந்து பாத்தேங்க. அந்தக் கையில அழுக்குப் படக்கூடாதேன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். அண்ணன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "இங்க வேற ஏதோ வாசம் அடிக்குதே" என்று முணுமுணுத்தபடி நடையைக் கட்டினான்.

அவள் கன்னம் சுட்டது. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்... மன்னிச்சிருங்க. நீங்களாவது அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, எதுக்கு ஜன்னல்ல நின்னேன்னு கேட்டிருப்பீங்க."

"இப்பக் கேக்குறேன்."

கூரைமேல் தூறல் விழத் தொடங்கியது.

"பிடிச்சிருந்தது... அதான் நின்னேன். இந்த வாரம் மூணு வேளையும் பூசணிக்காய்தான் சமைச்சேன். தோல் நிறைய விழும்... அடிக்கடி கீழே வரலாம்னு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கச் சிரிக்கவே கண்கள் நிறைந்துவிட்டன.

"நாளையிலேருந்து குப்பை இல்லாட்டியும் வாங்க" என்றாள். "எனக்கும்... பிடிச்சிருக்கு."