இரண்டாவது மூச்சு

வசந்தினி கண் விழித்தபோது கூடாரத்தின் பிளாஸ்டிக் சுவரில் ஆவி இரண்டு இடங்களில் படிந்திருந்தது. ஒன்று அவளுடைய முகத்துக்கு நேரே. மற்றது கட்டிலின் மறுபக்கம், யாரும் தலை வைக்காத தலையணைக்கு நேரே.

பனிக்காலம் முடிந்து, 2002 ஆனியில் அவள் கயிலாயம் போக இருந்தாள். திபெத்தின் மேட்டு நிலத்தை நாட்கணக்கில் கடக்க வேண்டும். அங்கே மூச்சுக்குக் காற்றுப் போதாது. உடம்பைப் பழக்குவதற்காக, பயணத்தை ஒழுங்குசெய்த பேரின்பநாதன் வாடகைக்கு எடுத்துக் கொடுத்ததுதான் இந்தக் கூடாரம். கட்டிலை மூடி நிற்கும். பக்கத்திலுள்ள மெஷின் ஒட்சிசன் குறைந்த காற்றைக் குழாய் வழியே உள்ளே அனுப்பும். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை விடியுமுன் தொடங்குவதால் அவள் பின்னேரமே படுத்துவிடுவாள்.

ஆவியைத் துடைத்தாள். நித்திரையில் புரண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள், பனி கொட்டும் ஜன்னல் நீலம் பாரித்து இருளத் தொடங்கிய நேரத்தில், மெஷினின் ஓயாத இரைச்சலுக்கும் ரப்பர் குழாயின் புளித்த மணத்துக்கும் நடுவே படுத்திருந்தவள், தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. ஏற்றம் ஏறிக் களைத்த ஒருவருடைய மூச்சு. மிக அருகில்.

வெளியே பாய்ந்து பேரின்பநாதனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, உள்ளுக்க ஆரோ மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு."

"ஒட்சிசன் குறைஞ்சா அப்பிடித்தான் பிள்ளை, இல்லாததெல்லாம் கேக்கும். மெஷினை நிப்பாட்டிப்போட்டுப் படும்."

"பயமாக் கிடக்கு."

"தனிய இருக்கிறீர் எல்லே. மகளைக் கொஞ்ச நாளைக்கு வரச் சொல்லுமன்."

"ஓம்" என்றாள். மகள் கௌசி தொலைவிலுள்ள கல்கரி நகரத்துக்கு வேலைக்குப் போனவள். வாறன் வாறன் என்பாளே தவிர வந்ததில்லை.

மெஷினை நிறுத்தினாள். மூச்சும் நின்றது. காற்றில்லாமல் கூடாரம் தொய்ந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகியது. மேல்வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கட்டில் விளிம்பில் வெகுநேரம் இருந்தாள். இந்த வீட்டில் இன்னொருவர் மூச்சுவிட்டு எவ்வளவு காலம்!

கை தானாகப் போய் மெஷினைப் போட்டது.

உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படுத்தாள். மூச்சு வந்தது. திணறியது. அந்தப் பக்கம் திரும்பாமலே, "மெதுவா இழுங்கோ" என்றாள். "அவசரமில்லை."

அது சற்றே சீரானது. அவளுக்குக் கண் கலங்கியது.

அப்போது கரண்ட் போனது.

மெஷின் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

பக்கத்துத் தலையணை அமுங்கியது.

ஜிப்பைப் பிய்ப்பதுபோலத் திறந்து வெளியே விழுந்தாள். கதவுவரை தவழ்ந்துபோய், பிடியைப் பற்றி எழுந்து, திரும்பிப் பார்த்தாள். பனியின் சாம்பல் வெளிச்சம். காற்றில்லாமல் தொய்ந்து விழவேண்டிய கூடாரம் விழவில்லை. ஜிப் உள்ளேயிருந்து மெல்ல ஏறியது. பல் பல்லாக. மூடிக்கொண்டது.

கூடாரத்தின் சுவர்கள் உள்ளே ஒட்டின. வெளியே உப்பின.

மறுபடி உப்பியபோது அவளுடைய நெஞ்சிலிருந்து காற்றுப் போனது. பிடியைத் திருப்பப் பலமில்லை. வாயைத் திறந்தாள். இழுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

கூடாரம் உப்பியது. கட்டிலை நிறைத்து, அறைச் சுவரை முட்டி, இன்னும் உப்பி, கூரையைத் தொட்டது.